முகத்துக்கு எத்தனை புள்ளிகள்? – இரண்டு டோம் கேமராக்களை ஒப்பிட்ட ஒரு கணிதப் பாடம்

மாலை 4.10க்கு மணி அடித்தது. 4.40க்கு ஓர் அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளைக் காணவில்லை. எங்கள் வளாகத்தில் தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரே வாசல்தான். எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக வெளியேறும் அந்தப் பத்து நிமிடத்தில் யார் யாருடன் போனார்கள் என்று எங்களில் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சாலையின் எதிர்ப்புறக் கடையில் கேமரா இருந்தது. கடைக்காரர் உடனே பதிவைப் போட்டுக் காட்டினார். பச்சைநிறப் புத்தகப்பை தெரிந்தது. அது மகளுடையதுதான் என்றார் அம்மா. குழந்தையின் கையைப் பிடித்தபடி ஓர் ஆண் நடந்து போனார். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு கறைதான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்கண்ணே" என்று அம்மா கெஞ்சினார். பெரிதாக்கியபோது கறைதான் பெரிதானது.

ஆறரை மணிக்குக் குழந்தை கிடைத்துவிட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தாய்மாமன் அக்காவிடம் சொல்லாமலே அவளைப் பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டோம். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் திரையில் நடந்து போனது அந்த அம்மாவின் சொந்தத் தம்பி. அவரையே அவரால் அடையாளம் காண முடியவில்லை. பிறகு அந்தக் கேமரா எதற்கு?

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேமரா பொருத்துவது என்று முடிவாயிற்று. முன்னாள் மாணவர்கள் நான்கு கேமராக்களுக்கும் பதிவுக் கருவிக்கும் பணம் தர முன்வந்தார்கள். இரண்டு விலைப்புள்ளிகள் வந்தன. ஒன்று 4 மெகாபிக்சல் டோம் கேமரா, மற்றொன்று 2 மெகாபிக்சல் டோம் கேமரா. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாலு பெரிதா, இரண்டு பெரிதா?" என்றார் ஓர் உறுப்பினர். பலரும் தலையாட்டினார்கள். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். இரண்டு குறிப்புத் தாள்களையும் எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனேன். அந்த வாரம் நாங்கள் கற்றதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கேள்வியை முதலில் கேட்போம்

"எந்தக் கேமரா நல்லது?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "எவ்வளவு தூரத்தில், எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்க வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 62676-4இன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. பார்க்கப்படும் இடத்தின் அகலத்தில் ஒரு மீட்டருக்குள் எத்தனை படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள், விழுகின்றன என்பதே அந்த அளவுகோல். அதன் முக்கியமான நான்கு படிகள் இவை:

• மீட்டருக்கு 25 புள்ளிகள்: அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று அறியலாம்.
• மீட்டருக்கு 62.5 புள்ளிகள்: உடை, உடல்வாகு, அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கலாம்.
• மீட்டருக்கு 125 புள்ளிகள்: முன்பே தெரிந்த ஒருவரை இன்னார் என்று சொல்லலாம்.
• மீட்டருக்கு 250 புள்ளிகள்: முன்பின் தெரியாதவரின் அடையாளத்தையும் உறுதி செய்யலாம்.

கரும்பலகையில் இந்த நான்கு எண்களை மட்டும் எழுதினேன். பிறகு கடைக் கேமராவைக் கணக்கில் எடுத்தோம். அதன் படம் 1280 புள்ளி அகலம் கொண்டது. பார்வைக்கோணம் ஏறத்தாழ 90°. கடையிலிருந்து எங்கள் வாசல் 20 மீட்டர்.

கேமராவை ஒரு முனையாகவும் அது பார்க்கும் அகலத்தை எதிர்ப்பக்கமாகவும் வைத்து முக்கோணம் வரைந்தால் அது இருசமபக்க முக்கோணம். நடுக்கோடு அதை இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிக்கும். ஆகவே,

பார்க்கும் அகலம் = 2 × தூரம் × டேன் (பார்வைக்கோணத்தில் பாதி)

டேன் 45° = 1 என்பது எல்லாருக்கும் தெரியும். அகலம் 2 × 20 × 1 = 40 மீட்டர். 1280ஐ 40ஆல் வகுத்தால் மீட்டருக்கு 32 புள்ளிகள். மனித முகத்தின் அகலத்தை 16 செ.மீ. என்று கொண்டால் முகத்துக்குக் கிடைப்பது 32 × 0.16, அதாவது சுமார் 5 புள்ளிகள்.

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. "அஞ்சு புள்ளியில மூக்கு எங்க டீச்சர் வரும்?" என்றான் ஒருவன். அந்த அம்மாவால் தம்பியை ஏன் அடையாளம் காண முடியவில்லை என்பதற்கு அதுதான் விடை. அவருடைய கண்ணில் குறையில்லை. படத்தில் முகமே இல்லை. இல்லாத புள்ளிகளைப் பெரிதாக்கி வரவழைக்கவும் முடியாது.

இரண்டு கேமராக்களும் ஒரு வாசலும்

இப்போது எங்கள் இரண்டு கேமராக்கள். குறிப்புத் தாளிலிருந்து மாணவர்கள் எடுத்தெழுதியவை இவை:

முதல் கேமரா: 4 மெகாபிக்சல், 2560 × 1440 புள்ளிகள், லென்சின் குவியத் தொலைவு 2.8 மி.மீ., கிடைமட்டப் பார்வைக்கோணம் 100°.

இரண்டாம் கேமரா: 2 மெகாபிக்சல், 1920 × 1080 புள்ளிகள், லென்சின் குவியத் தொலைவு 6 மி.மீ., கிடைமட்டப் பார்வைக்கோணம் 54°.

மொத்தப் புள்ளிகளைப் பெருக்கிப் பார்த்தார்கள். முதலாவதில் 36,86,400. இரண்டாவதில் 20,73,600. முதல் கேமராவில் ஏறத்தாழ 1.8 மடங்கு அதிகம். குழு உறுப்பினர் சொன்னது சரிதானே என்றார்கள்.

அளவு நாடாவுடன் வெளியே போனோம். கேமரா பொருத்தவிருந்த தாழ்வாரத் தூணிலிருந்து வாசல் 7 மீட்டர். வாசலின் அகலம் 4 மீட்டர். டேன் 50° = 1.19, டேன் 27° = 0.51 என்ற மதிப்புகளை நானே கொடுத்துவிட்டேன்.

முதல் கேமரா பார்க்கும் அகலம்: 2 × 7 × 1.19 = 16.66 மீட்டர். மீட்டருக்கு 2560 ÷ 16.66 = 154 புள்ளிகள். முகத்துக்குச் சுமார் 25.

இரண்டாம் கேமரா பார்க்கும் அகலம்: 2 × 7 × 0.51 = 7.14 மீட்டர். மீட்டருக்கு 1920 ÷ 7.14 = 269 புள்ளிகள். முகத்துக்குச் சுமார் 43.

விடையைப் பார்த்து இரண்டு குழுக்கள் மறுபடியும் கணக்குப் போட்டன. தவறில்லை. 2 மெகாபிக்சல் கேமராதான் 250 என்ற படியைத் தாண்டியது. 4 மெகாபிக்சல் கேமரா தாண்டவில்லை.

காரணத்தை ஒரு மாணவியே கண்டுபிடித்துச் சொன்னாள். "முதல் கேமரா புள்ளியெல்லாம் சுவத்துக்கும் வேப்ப மரத்துக்கும் போயிடுது டீச்சர்." சரியாகச் சொன்னாள். முதல் கேமராவின் 2560 புள்ளிகளில் 4 மீட்டர் வாசலுக்குக் கிடைப்பவை 616 மட்டுமே. ஏறத்தாழ கால் பங்கு. இரண்டாம் கேமராவின் 1920 புள்ளிகளில் 1076 வாசலுக்கே வருகின்றன. கையில் இருக்கும் மொத்தப் பணத்தைவிட அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பது முக்கியம் அல்லவா? புள்ளிகளும் அப்படித்தான்.

அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் 250 புள்ளிகள் எவ்வளவு தூரம் வரை கிடைக்கும் என்றும் காணலாம். முதல் கேமராவுக்கு 4.3 மீட்டர். இரண்டாவதற்கு 7.5 மீட்டர். தெரியாதவர் முகம் தெரிய வேண்டுமானால் முதல் கேமராவை வாசலுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விரிகோண லென்ஸ் படத்தின் ஓரங்களை வளைக்கும். அதனால் நடுவில் புள்ளிகள் சற்றுக் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழும். எங்கள் கணக்கு சராசரிக் கணக்குதான். தேர்வு செய்ய அது போதும். ஆனால் பொருத்தும் நாளில் ஒருவரை வாசலில் நிற்க வைத்துத் திரையில் பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் முதல் கேமரா வீணா?

இல்லை. விளையாட்டுத் திடலுக்கு அதே கணக்கைப் போடச் சொன்னேன். தாழ்வாரத்திலிருந்து திடலின் நடுப்பகுதி 14 மீட்டர். திடல் 30 மீட்டர் அகலம். அங்கே முதல் கேமரா 33 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. மீட்டருக்கு 77 புள்ளிகள். யாராவது விழுந்தார்களா, சண்டை நடக்கிறதா, மதிற்சுவரில் யாரும் ஏறுகிறார்களா என்று கவனிக்க அது போதும். இரண்டாம் கேமராவோ 14 மீட்டரைத்தான் பார்க்கும். திடலில் பாதிகூட அதற்குள் வராது.

ஆக, அகலமாகப் பார்க்க முதலாவது. ஆழமாகப் பார்க்க இரண்டாவது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. குவியத் தொலைவைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் 2.8 – 12 மி.மீ. லென்ஸ் கொண்ட டோம் கேமராக்களும் சந்தையில் உண்டு. தூரத்தை முன்கூட்டியே முடிவு செய்ய முடியாத இடங்களுக்கு அவை உதவும். விலை கூடுதல்.

உயரம், ஒளி, அசைவு

"கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்கும் எல்லை உண்டு. இது இறக்கக்கோணப் பாடம். கேமரா 3 மீட்டர் உயரத்தில், முகம் 1.5 மீட்டர் உயரத்தில், இடைத்தூரம் 7 மீட்டர் என்றால், டேன் மதிப்பு 1.5 ÷ 7 = 0.21. இறக்கக்கோணம் 12°. முகம் நன்றாகத் தெரியும். கேமராவை 5 மீட்டருக்கு ஏற்றினால் 3.5 ÷ 7 = 0.5. கோணம் 27° ஆகிவிடும். தொப்பி போட்டவரின் முகம் மறையத் தொடங்கும். தலை மட்டும் பதிவானால் யாருக்கு என்ன பயன்?

அடுத்தது ஒளி. எங்கள் வாசல் கிழக்கு நோக்கியது. காலையில் உள்ளே வருபவர்களின் பின்னால் சூரியன் இருக்கும். சாதாரணக் கேமராவில் அவர்கள் கறுப்பு நிழல்களாகத் தெரிவார்கள். இதற்காகத்தான் டபிள்யூடிஆர் என்ற வசதி. குறிப்புத் தாளில் "120 டெசிபல்" என்று போட்டிருந்தால், காட்சியின் மிகப் பிரகாசமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் இடையே 10,00,000 : 1 என்ற விகிதம் வரை கேமரா சமாளிக்கும் என்று பொருள். வாசலுக்கான கேமராவில் இது அவசியம்.

இரவில் கேமரா அகச்சிவப்புக் கதிர்களை வீசிப் பார்க்கிறது. அதனால்தான் படம் கறுப்பு வெள்ளையாக மாறுகிறது. ஒரே அளவு உணரியைக் கொண்ட இரு கேமராக்களில், புள்ளிகள் குறைவாக இருப்பதில் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாக இருக்கும். கூடுதல் ஒளியைப் பிடிக்கும். இருட்டில் 2 மெகாபிக்சல் கேமரா சில வேளைகளில் தெளிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

அசைவையும் கணக்கிட்டோம். ஒளி குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். 1/25 நொடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் படத்துக்குக் குறுக்காக நடப்பவர் அதற்குள் 5.6 செ.மீ. நகர்ந்துவிடுவார். மீட்டருக்கு 269 புள்ளி என்ற கணக்கில் அது 15 புள்ளி. 43 புள்ளி முகத்தில் 15 புள்ளி கலங்கிப்போனால் என்ன மிஞ்சும்? நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சைக்கிளில் போகிறவர் 20 செ.மீ. நகர்ந்திருப்பார். அது முகத்தைவிட அகலம். விலை உயர்ந்த கேமராவைவிட வாசலில் ஒரு நல்ல விளக்கு அதிகம் உதவும் என்று மாணவர்களே முடிவு செய்தார்கள். அந்த விளக்கும் எங்கள் பட்டியலில் சேர்ந்தது.

டோம் எதற்கு?

டோம் கேமராவில் லென்சை மூடி ஓர் அரைக்கோளக் கூடு இருக்கும். பிடித்துத் திருப்புவதற்குக் கைப்பிடி போன்ற பகுதி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. பந்து பட்டாலும் திசை எளிதில் மாறாது. பள்ளிக்கு இது பொருத்தம். குறிப்புத் தாளில் இரண்டு குறியீடுகளைப் பாருங்கள்.

ஐபி66: முதல் 6 தூசி புகாது என்பதையும், இரண்டாம் 6 வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும்.

ஐகே10: 20 ஜூல் மோதலைத் தாங்கும். 5 கிலோ எடையை 40 செ.மீ. உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம்.

20 ஜூல் என்றால் எவ்வளவு? இயக்க ஆற்றல் சூத்திரத்தைப் போட்டோம். 58 கிராம் டென்னிஸ் பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் 11.6 ஜூல். தாங்கும். 160 கிராம் கிரிக்கெட் பந்து அதே வேகத்தில் வந்தால் 32 ஜூல். ஐகே10 உறுதியளிப்பதைவிட அதிகம். இதைக் கேட்டதும் பையன்கள் சிரித்தார்கள். எங்கள் திடல் கேமராவை ஆடுகளத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் மாட்டியதற்கு இந்தச் சிரிப்புதான் காரணம்.

டோமுக்கு ஒரு குறையும் உண்டு. கூட்டில் தூசியோ சிலந்தி வலையோ படிந்தால், இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படத்தை வெண்புகையாக்கிவிடும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். கீறலும் அதே கெடுதலைச் செய்யும். ஈரமான மென்துணியால் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

எத்தனை நாள் இருக்கும்?

கேமரா வாங்குவோர் அதிகம் கேட்காத கேள்வி இது. பதிவுக் கருவியில் இடம் தீர்ந்ததும் பழைய பதிவின்மேலேயே புதியது எழுதப்படும். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால், ஒரு நாளுக்கு 4 × 86,400 ÷ 8 = 43,200 மெகாபைட். அதாவது 43.2 ஜிகாபைட். நான்கு கேமராக்களுக்கு 172.8 ஜிகாபைட். 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் 11 நாளில் நிறைந்துவிடும். நொடிக்கு 2 மெகாபிட் என்றால் 23 நாள் வரும்.

விடுமுறையின் முதல் நாளில் நடந்த திருட்டு பள்ளி திறந்த பிறகுதான் தெரியவருகிறது என்றால் 11 நாள் போதுமா? சிபிஎஸ்இ 2025 ஜூலையில் தன்னுடன் இணைந்த பள்ளிகளுக்கு வெளியிட்ட விதி, பதிவுகள் குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் நல்ல அளவுகோல் என்று எடுத்துக்கொண்டோம். மெகாபிக்சல் கூடினால் பொதுவாக இடத்தேவையும் கூடும். விலைப்புள்ளியை ஒப்பிடும்போது ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

கணக்கில் வராத ஒரு கேள்வி

வாரக் கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "வகுப்புக்குள்ளயும் வைப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். நான் தயாராக இல்லாத கேள்வி. "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்டேன். சிலர் வைக்கலாம் என்றார்கள், பென்சில் காணாமல் போகாது. சிலர் வேண்டாம் என்றார்கள். "தப்பா பதில் சொன்னா அதுவும் பதிவாகுமே" என்றான், அதிகம் பேசாத ஒருவன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல் புட்டசுவாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. நம் கேமரா பதிவு செய்வது பெரும்பாலும் இந்தக் குழந்தைகளைத்தான். சிபிஎஸ்இ விதி கழிப்பறைகளைத் தவிர்த்து வகுப்பறைகளை உள்ளடக்குகிறது. எங்கள் குழு பேசி வேறு முடிவுக்கு வந்தது. வாசல், திடல், மாடிப்படி, ஆய்வகத் தாழ்வாரம் ஆகிய நான்கு இடங்கள் மட்டும் போதும் என்றார்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழி எந்தப் படத்திலும் விழக் கூடாது. கேமரா இருப்பதை அறிவிப்புப் பலகை சொல்ல வேண்டும். பதிவைப் பார்க்கத் தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுத் தலைவியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். யாரும் அதைக் கைபேசியில் படம் பிடிக்கக் கூடாது. ஆலையில் வந்தபடியே இருக்கும் கடவுச்சொல்லைப் பொருத்திய அன்றே மாற்றிவிட வேண்டும்.

உங்கள் வகுப்புக்கு

இந்தப் பாடத்துக்குக் கேமரா தேவையில்லை.

1 – 5 வகுப்புகள்: கட்டத் தாளில் 5 × 5, 10 × 10, 20 × 20 கட்டங்களில் ஒரே முகத்தை நிரப்பச் சொல்லுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம். எந்தத் தாளில் "இது யார்" என்று தெரிகிறது? படம் புள்ளிகளால் ஆனது என்பது பேச்சில்லாமலே புரிந்துவிடும்.

6 – 8 வகுப்புகள்: கைபேசிக் கேமராவின் முன் தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்திக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மின்னும். சில கைபேசிகளில் முன்பக்கக் கேமராவில்தான் தெரியும். சேமிப்புக் கணக்கு, அலகு மாற்றத்துக்கு நல்ல பயிற்சி.

9, 10 வகுப்புகள்: உங்கள் பள்ளி வாசலை அளந்து இரண்டு லென்சுகளை ஒப்பிடச் செய்யுங்கள். விடையுடன் "ஆகவே எதை வாங்கலாம், ஏன்?" என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். எண்ணைக் கண்டுபிடிப்பதைவிட அந்த மூன்று வரி கடினமானது.

முடிவில் என்ன செய்தோம்?

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் பேசவில்லை. நான்கு மாணவர்கள் விளக்கப்படத்துடன் பேசினார்கள். "நாலு பெரிதா, இரண்டு பெரிதா" என்று கேட்ட உறுப்பினரே, வாசல் கணக்கை மறுபடியும் போட்டுக் காட்டச் சொன்னார். வாசலுக்கு 6 மி.மீ. லென்ஸ் கொண்ட 2 மெகாபிக்சல் கேமராவும் திடலுக்கு 2.8 மி.மீ. லென்ஸ் கொண்ட 4 மெகாபிக்சல் கேமராவும் வந்தன. மற்ற இரண்டு இடங்களையும் அதே முறையில் அளந்து முடிவு செய்தோம்.

கூட்டம் முடியும்போது தலைவி ஒரு கேள்வி கேட்டார். அவரும் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் தாய். "இந்தக் கேமரா அன்னைக்கு இருந்திருந்தா, பாப்பா போனதைத் தடுத்திருக்குமா?"

தடுத்திருக்காது. யாருடன் போனாள் என்று பிறகு சொல்லியிருக்கும், அவ்வளவுதான். அன்றே ஒரு 200 பக்க நோட்டு வாங்கினோம். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு குழந்தையையும் அழைத்துச் செல்ல உரிமையுள்ள இருவரின் பெயர், கைபேசி எண், கையெழுத்து அதில் இருக்கிறது. மாலையில் ஓர் ஆசிரியர் அந்த நோட்டுடன் வாசலில் நிற்கிறார். நாங்கள் முறைவைத்து நிற்கிறோம்.

சில வாரம் கழித்து அதே தாய்மாமன் மறுபடியும் வந்தார். அன்று என் முறை. நோட்டில் அவர் பெயர் இல்லை. "நான் மாமாதாங்க" என்று கொஞ்சம் கோபப்பட்டார். அக்காவுக்கு அழைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அனுப்பி வைங்க டீச்சர், அவன் பேரையும் எழுதிக்கோங்க" என்றார். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையை அழைத்துப் போனார். தூணில் இருந்த கேமராவில் அவர் முகம் 43 புள்ளிகளில் பதிவாகியிருக்கும். அதை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.